மூச்சை எண்ணுங்கள்



பூனை வளர்க்கிறவர்களுக்குப் பூனையைப் பற்றி அடியிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. சோறு வைப்பது, மணல் தட்டை மாற்றுவது, தடுப்பூசி போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். இன்று நான் பேச வந்ததற்குக் காரணம் ஒரு கோபம். திருவண்ணாமலையில் இப்போதெல்லாம் பூனைக்கு உடம்பு சரியில்லை என்றதும் முதலில் கைப்பேசியைத்தான் திறக்கிறார்கள். பூண்டு நசுக்கிக் கொடு, கற்பூரத் தைலம் தடவு, விளக்கெண்ணெய் ஊற்று என்று முகம் தெரியாத யாரோ சொல்வதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, கடைசியில்தான் மருத்துவரிடம் போகிறார்கள். அதற்குள் வந்த நோய் ஒன்று, வைத்தியத்தால் வந்த கேடு ஒன்று என்று இரண்டாகிவிடுகிறது.

கால்நடைத் துறையில் ஆய்வாளராக மாடு, ஆடுகளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பூனை என் சொந்த ஆசை. அந்த ஆசையோடு சொல்கிறேன்: மருத்துவரைப் பார்க்கும்வரை நம்முடைய வேலை மருந்து கொடுப்பது அல்ல, பார்ப்பது. முதலில் பாருங்கள், பிறகு தொடுங்கள்.

நமக்குக் காய்ச்சல் என்றால் போட்டுக்கொள்கிறோமே பாராசிட்டமால், அது பூனைக்கு விஷம். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வேலையை நம் கல்லீரல் செய்கிறது. பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகவும் குறைவு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கும். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். பூண்டும் வெங்காயமும் ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நாய்க்கு உண்ணி போக வாங்கிய மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால், அதைப் பூனைமேல் போட்டதும் வலிப்பு வரும். இயற்கை வைத்தியத்தின்மேல் எனக்குப் பகை கிடையாது. ஆனால் பூனையின் உடல் மனித உடலின் சின்ன அச்சு இல்லை. இதைத் திரும்பவும் சொல்கிறேன்: வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து பூனைக்கு எதுவும் வேண்டாம். எதுவுமே வேண்டாம்.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவா என்று கேட்பீர்கள். நோயுற்ற உயிரைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ரமணாசிரமத்துக்குப் போனவர்கள் அங்கே வரிசையாக இருக்கும் சமாதிகளைப் பார்த்திருப்பீர்கள். 1948 ஜூன் 18 அன்று மறைந்த பசு லட்சுமி, மான் வள்ளி, ஒரு காகம், நாய் ஜாக்கி. ஜாக்கி சுகமில்லாமல் கிடந்தபோது ரமணர் தம் சோபாவுக்குப் பக்கத்திலேயே மெத்தென்று படுக்கை போட்டுக் கொடுத்ததாக உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாற்றம் வந்தபோதும் அவர் விலகவில்லை. பக்கத்தில் இருப்பது, மெத்தென்ற இடம் கொடுப்பது, அருவருக்காமல் துடைத்துவிடுவது. வீட்டில் நாம் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி இதுதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். நேரம் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பூனையின் மூச்சை எண்ணுவது. இதற்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம், பூனையைத் தொடவும் வேண்டாம்.

பூனை வலியை மறைக்கும் பிராணி. பெரும்பாலும் கத்தாது, நொண்டிக் காட்டாது, பீரோவுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும். ஆனால் தூங்கும்போது மூச்சை அதனால் மறைக்க முடியாது. நன்றாகத் தூங்கட்டும். நாலடி தள்ளி உட்காருங்கள். விலா எலும்பு முடிகிற இடத்தில் கண்ணை நிறுத்துங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. ஏற்றத்தை ஒன்று, இறக்கத்தை ஒன்று என்று இரண்டாக எண்ணிவிடக் கூடாது. ஏறி இறங்கினால்தான் ஒன்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடம் எண்ணி, அதை இரண்டால் பெருக்குங்கள். தூங்கும் பூனைக்கு நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். மறுபடி மறுபடி எண்ணியும் 30க்கு மேலேயே நின்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 40ஐத் தாண்டினால் அன்றைக்கே போங்கள். வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

குர்ர் என்று சத்தம் போடும்போது எண்ணினால் கணக்கு தவறும். ஓடி விளையாடி வந்ததும் எண்ணக் கூடாது. நம் ஊர் மே மாத நண்பகலில் எண்ணினால் கூடுதலாகத்தான் வரும், விடியற்காலையில் எண்ணுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், பூனை நன்றாக இருக்கும்போதே எண்ணி வைத்துக்கொள்வது. உங்கள் பூனையின் வழக்கமான எண் தெரிந்தால்தான் வழக்கத்தை மீறியது தெரியும்.

மாடவீதியில் பூக்கட்டும் ஓர் அம்மாவுக்கு இதை ஒருமுறை சொல்லிக் கொடுத்தேன். பிறகு ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்து, "ஐயா, சாப்பிடுது, நடக்குது, ஆனா அரை நிமிஷத்துக்கு இருபத்தேழு வருது" என்றார். நிமிடத்துக்கு 54. பார்வைக்கு அந்தப் பூனையிடம் ஒரு குறையும் தெரியவில்லை. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நெஞ்சுக்குள் நீர் கோத்திருந்தது. ஊசி வைத்து எடுத்தார், பூனை பிழைத்தது. அந்த அம்மா எண்ணியிராவிட்டால் அது சாப்பாட்டை நிறுத்தும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் எங்கே போனாலும் சொல்கிறேன்: மூச்சை எண்ணுங்கள்.

பூக்கட்டுவதைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பூக்கட்டும் நூலைப் பூனை விளையாடிக்கொண்டே விழுங்கிவிடும். வாயிலோ மலவாயிலோ நூல் முனை தெரிந்தால் இழுக்காதீர்கள். உள்ளே குடலைச் சுருக்கிக்கொண்டு இருக்கும். இழுத்தால் குடலை அறுத்துவிடும். அப்படியே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். அரளி மாலையையும் எட்டாத இடத்தில் மாட்டுங்கள். அரளி பூனையின் இதயத்தைத் தாக்கும் விஷம்.

சாப்பாட்டு விஷயம். ஒரு வேளை சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதுவும் கொழுத்த பூனையாக இருந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். பூனை மணத்தால்தான் சாப்பிடுகிறது. மூக்கு அடைத்திருந்தால் வெதுவெதுப்பான ஈரத் துணியால் துடைத்துவிட்டு, உப்பில்லாமல் வேகவைத்த மீனை இளஞ்சூட்டில் வையுங்கள். பால் வேண்டாம்; பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு அது வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும். வாயைப் பிளந்து சிரிஞ்சில் ஊற்றுவது எனக்கு அறவே பிடிக்காது. மருத்துவர் காட்டிக் கொடுக்காமல் செய்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி சில்லிட்டுக் கிடந்தால் முதலில் சூடு, பிறகுதான் உணவு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது கவனமாகக் கேளுங்கள். அடிக்கடி மணலில் போய் உட்கார்ந்து, முக்கி, கத்தி, ஒரு சொட்டும் வராமல் எழுந்தால், மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மலச்சிக்கல் இல்லை, சிறுநீர் அடைப்பு. ஓரிரண்டு நாளில் உயிர் போய்விடும். இரவு என்றும் பார்க்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காதீர்கள்.

இன்னோர் எச்சரிக்கை. சாதுவான பூனை திடீரென்று வெறிகொண்டாலோ, எச்சில் ஒழுகத் தள்ளாடினாலோ கையால் தூக்காதீர்கள்; வெறிநோயாக இருக்கலாம். கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் கிளம்பும்போது ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் கழித்தது, வாந்தி எத்தனை தடவை, மூச்சு எத்தனை. கைப்பேசிக்கு உண்மையான பயன் இங்கேதான். இருமலையோ வலிப்பையோ படம் பிடித்துக் காட்டினால், நீங்கள் வாயால் சொல்வதைவிட மருத்துவருக்கு அது பெரிய உதவி. சாக்கில் கட்டித் தூக்கிப் போகாதீர்கள். மூடியோடு கூடிய கூடை ஒன்றை எப்போதும் வீட்டு மூலையில் திறந்தே வையுங்கள். பூனை அதில் படுத்துப் பழகியிருந்தால் அவசரத்தில் அடம் பிடிக்காது.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் கிரிவலக் கூட்டத்தில் வண்டி எடுக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். பௌர்ணமிக்கு முதல் நாள் பூனை கொஞ்சம் சோர்ந்திருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்று மாலையே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடுங்கள்.