பயிலும் கையும் துணியும் மனமும்

பெங்களூரில் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டை அடுத்துள்ள கோட்டை வட்டாரத்தில் வாணி விலாஸ் மருத்துவமனை இருக்கிறது. மைசூர் அரசை 1895 முதல் 1902 வரை தம் மகனுக்காகப் பொறுப்பேற்று நடத்திய மகாராணியாரின் பெயரால் 1935இல் அமைந்தது அது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அது நன்கு தெரிந்த இடம்.

அத்தகைய மருத்துவமனையில், நள்ளிரவில், நோவெடுத்து வந்த உங்கள் மகளை முதலில் பார்ப்பவர் யார்? பெரும்பாலும் பேராசிரியர் அல்லர். மகப்பேற்று மருத்துவத்தில் முதுநிலைப் பட்டத்துக்காக மூன்றாண்டு பயிலும் இளம் மருத்துவரே ஆவார். "இந்தச் சின்னப் பெண்ணா பார்க்கப் போகிறது? பெரிய டாக்டர் இல்லையா?" என்று தாயின் மனம் பதைக்கிறது. அந்தப் பதைப்பு இயல்பானதே. ஆகவே, அந்த இளங்கை எவ்வாறு தேர்கிறது, அந்த மனம் எவ்வாறு துணிகிறது என்பதை நாம் அறிந்துகொள்வது நன்று.

முதலில் பார்த்தல், அடுத்து உடனிருந்து உதவுதல், பிறகு ஆசிரியர் அருகில் நிற்கத் தாமே செய்தல், இறுதியில், கூப்பிட்டால் ஆசிரியர் வரக்கூடிய தொலைவில் இருக்கத் தனியே செய்தல். இவை நான்கும் படிகள். செய்தவற்றையெல்லாம் ஒரு பதிவேட்டில் குறித்து ஆசிரியரின் கையொப்பம் பெறவேண்டும். இக்காலத்தில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றுவதும் கட்டாயமாகியுள்ளது. மூன்றாம் படியைத் தாண்டி நேரே நான்காம் படிக்குத் தள்ளப்பட்டவர்க்கு அச்சம் பிறக்கும்; அல்லது அச்சத்தை மறைக்கும் அசட்டுத் துணிச்சல் பிறக்கும். இரண்டாவது முதலாவதைவிடக் கொடியது.

இதற்குக் கர்நாடகத்திலேயே ஒரு சான்று உண்டு. குழந்தை பிறந்தபின் தாய்க்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அதைப் பெருக்கு என்பர். எவ்வளவு போயிற்று என்று எப்படி அறிவது? "பார்த்தாலே தெரியும்" என்பதே நெடுங்கால வழக்கம். இன்று பெளகாவி என வழங்கும் பெல்காம் வட்டாரத்தில், தாயின் கீழே விரித்து இரத்தத்தைச் சேர்த்து அளக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் பயன்படுத்திப் பார்த்தனர். 2006இல் வெளிவந்த முடிவு யாதெனில், கண்ணளவு உண்மையளவைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது என்பதே. ஆப்பிரிக்க நாடுகள் நான்கில் இத்தகைய அளவு விரிப்பையும், உடனடியாகச் செய்யும் சிகிச்சைத் தொகுப்பையும் சேர்த்துக் கையாண்டபோது, கடும் பெருக்கு முதலிய தீய விளைவுகள் 60 விழுக்காடு குறைந்தன என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. பழகிய கண்ணும் ஏமாறும். அளந்து பார்த்தபின் வருவதே நம்பத்தக்க துணிவு.

மற்றொரு சிக்கலும் உண்டு. ஆயுதம் போட்டுக் குழந்தை எடுப்பதைப் பற்றி நம் பாட்டிமார் பேசக் கேட்டிருக்கிறோம். இன்று அந்த வாய்ப்புக் குறைந்துவிட்டது. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி சிசேரியன் பிரசவம் கர்நாடகத்தில் 31.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 44.9. இடுப்பு முன்வரும் குழந்தையையும் இப்பொழுது பெரும்பாலும் அறுவையால்தான் எடுக்கிறார்கள். ஆயினும், பாதி வெளிவந்த குழந்தையோடு ஆட்டோவில் வந்திறங்கும் தாய்க்கு அறுவை அரங்கம் வரை பொழுது ஏது? அன்றைக்குக் கைப்பழக்கம் வேண்டும். ஆகவே பொம்மை உடலில் வைத்துத் திரும்பத் திரும்பப் பழக்கும் முறை பரவி வருகிறது. பொம்மையிடம் தவறு செய்யலாம், தாயிடம் செய்யலாகாது.

அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களிற் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரம்புகின்றன. ஆதலால் பெங்களூரில் பயில வரும் மருத்துவருக்குக் கன்னடமும் தமிழும் தெரியாதிருக்கலாம். அவர் முதலில் கற்கவேண்டிய சொல் "நோவு". கன்னடத்திலும் அது நோவுதான். நம்மவர்க்கும் இதில் கடமை உண்டு. பனிக்குடம் எப்பொழுது உடைந்தது, முந்தைய பேறு எப்படி நடந்தது, என்ன மருந்து உட்கொண்டாள் என்பவற்றை எழுதிய காகிதங்களோடு எடுத்துச் செல்லுங்கள். மும்பையிலோ டில்லியிலோ இருப்பவர்க்கு இது இன்னும் முக்கியம்.

இனி, நெஞ்சுறுதியின் உச்சம் எது? இரவு இரண்டு மணிக்கு மூத்தவரை எழுப்பி, "எனக்கு ஐயமாக இருக்கிறது, வாருங்கள்" என்று சொல்லத் துணிவதே. அப்படி அழைத்தவரை ஏளனம் செய்யும் ஆசிரியர், அடுத்த முறை அவர் அழைக்காதிருக்கக் கற்றுக்கொடுக்கிறார். அதன் விலையைத் தருபவள் ஒரு தாய். நாமும் "இவருக்குத் தெரியவில்லை, அதனால்தான் கேட்கிறார்" என்று பழிக்கலாகாது. கேட்பவரிடம் நம் பெண்ணை நம்பி ஒப்படைக்கலாம்.

கர்நாடகத்தில் இலட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய்மார் இறப்பு 2001-03இல் 228 ஆக இருந்தது; 2018-20இல் 69 ஆகக் குறைந்தது. அந்தக் குறைவில் பெயர் தெரியாத எத்தனையோ இளங்கைகளின் இராவிழிப்பும் அடங்கும். அதே காலத்தில் கேரளத்தில் அந்த எண் 19. இன்னும் போகவேண்டிய தொலைவு அது. அதைக் கடக்கவேண்டியவர், இன்றிரவு உங்கள் ஊர்ப் பிரசவ அறையில் கைகழுவிக்கொண்டிருக்கும் அந்தச் "சின்ன டாக்டரம்மா"தான்.