முளையைக் களையென்று பிடுங்காதீர்!

(உடற்கல்வி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் நம் பள்ளிகளில் விளையாட்டணிக்கு எவ்வாறு ஆள் எடுக்கின்றோம்? பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகின்றோம். நெட்டையாய், கட்டுடலோடு நிற்பவனை முன்னே அழைக்கின்றோம். மெலிந்தவனை, 'நீ போய் உட்கார்' என்கின்றோம். அன்று உட்கார்ந்தவன் பின்னர் எழுவதேயில்லை. ஆசிரியனாயிருந்த காலத்தில் யானும் இத்தவற்றைச் செய்தவனே. இது திறன் காணுதலா? அன்று, திறன் தொலைத்தல்!

கனடா நாட்டுப் பனித்தள வளைகோற்பந்து ஆட்டக்காரர்களின் பிறந்தநாள்களை இரோசர் பார்ன்சிலி என்பாரும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து 1985இல் வெளியிட்டனர். ஆண்டின் முதல் திங்கள்களில் பிறந்தோரே அவர்களுள் மிகுந்திருந்தனர். கடைத் திங்கள்களில் பிறந்தோர் குறைந்திருந்தனர். சனவரிப் பிள்ளைகளுக்கு மட்டும் இயற்கை ஆற்றலை அள்ளிக் கொடுத்ததா? இல்லை! அங்கே அகவைப் பிரிவுக்கு எல்லை சனவரி முதல் நாள். ஒரே பிரிவில் நின்றாலும், சனவரியில் பிறந்தவன் திசம்பரில் பிறந்தவனுக்குப் பதினொரு திங்கள் மூத்தவன். அம்மூப்பைத் திறனென்று மயங்கினர். அவனுக்கே பயிற்சியும் ஆட்டவாய்ப்பும் அளித்தனர். அளிக்க அளிக்க அவன் மெய்யாகவே வல்லவனானான், மற்றவன் மறக்கப்பட்டான்.

உடல் வளர்ச்சியும் இத்தகையதே. பெண்மக்கள் ஏறத்தாழ 12 அகவையிலும் ஆண்மக்கள் ஏறத்தாழ 14 அகவையிலும் விரைந்து வளர்வர். சிலர் முந்துவர், சிலர் பிந்துவர். முந்தி வளர்ந்தவன் 13 அகவையில் வெல்கின்றான் என்பதற்காகப் பிந்தி வளர்பவனை விலக்கலாமா?

நம் மண்ணிலேயே சான்று உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து அகவையில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்தவர். காய்கறி விற்றுக் குடும்பம் காத்தார் அவர்தம் தாய். வரிசையில் நிறுத்தி ஆள் எடுக்கும் கண்ணுக்கு இவர் தென்பட்டிருப்பாரா? ஆயினும், பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அவருடைய காலின் குறையைக் காணாது, தாவும் ஆற்றலைக் கண்டார். உயரந் தாண்டச் சொன்னார். 2016இல் இரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் வென்றார் மாரியப்பன்! தோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார்.

எனவே, ஆசிரியர்களே! ஒரே நாளில் ஆள் தெரியாதீர்; ஓராண்டு பாருங்கள். இன்று எவன் வென்றான் என்பதோடு, எவன் வளர்ந்து வருகின்றான் என்பதையும் குறித்து வையுங்கள். பிறந்த திங்களையும் பக்கத்திலே எழுதுங்கள். பெற்றோர்களே! பத்து அகவையிலேயே ஒரே ஆட்டத்தில் பிள்ளையைப் பூட்டாதீர். ஓடட்டும், நீந்தட்டும், சடுகுடு ஆடட்டும்! பெண்மகளையும் திடலுக்கு அனுப்புங்கள்!

விதைத்த மறுநாளே நிலத்தைக் கிளறிப் பார்ப்பவன் உழவன் அல்லன். நீர் பாய்ச்சிக் காத்திருப்பவனே உழவன். திடலின் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்ட அந்தப் பிள்ளையை நாளைக் காலையே எழுப்புங்கள்!