கேள்வி கேட்காமல் ஒரு கதை

பிள்ளைகளுக்கு வாசிப்பில் ருசி உண்டாக்க எத்தனையோ வழிகள் சொல்கிறார்கள். அவற்றில் ஆசிரியர் வகுப்பில் ஒரு கதையை வாய்விட்டு வாசித்துக் காட்டுவதையே நான் முதலாவதாக வைப்பேன். செலவில்லாத, ஆனால் பழகித் தேற வேண்டிய கலை அது.

அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையை எடுத்துக்கொள்வோம். சினிமாக் கம்பெனி ஒன்றுக்குக் காதர் என்பவர் வேலை கேட்டு வருகிறார். நொடித்துப்போன மனிதர். புலி வேஷம் கட்டுவேன் என்கிறார். அங்கே இருப்பவர்கள் அவரைத் தட்டிக்கழித்து அனுப்பத்தான் பார்க்கிறார்கள். அவர் புலித்தலையை மாட்டிக்கொண்டதும் அந்த அறைக்குள் நிஜப் புலியே வந்துவிடுகிறது. இதை ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கும் ஆசிரியர் இந்த இடத்தில் உறும வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். அசோகமித்திரனுடையது அடங்கிய நடை. அதே அடக்கத்தோடு நிதானமாக வாசித்தால் போதும். புலி அடுத்து எங்கே பாயப்போகிறது என்று கடைசி பெஞ்சுப் பையனும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பான். வேஷம் கலைந்ததும் அதே மனிதர் வேலைக்காகக் கெஞ்சி நிற்கிறார். அங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியில் பிள்ளைகளுக்குள் என்னவோ நடக்கும். அது என்னவென்று ஆசிரியருக்குத் தெரிந்தாக வேண்டியதில்லை.

கி. ராஜநாராயணனின் 'கதவு' கதைக்கு வேறு குரல் வேண்டும். கதவில் ஏறி நின்று ஆடிய பிள்ளைகளிடமிருந்து, தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதில் வரும் கரிசல் பேச்சை வாய்க்குள் போட்டுப் பார்த்துப் பழகாமல் வகுப்பில் வாசிக்கக் கூடாது. முதல் நாள் இரவு வீட்டில் ஒருமுறை உரக்கப் படித்துவிட்டுப் போவது நல்லது.

வாசித்து முடித்த பிறகு ஆசிரியருக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. கதையின் கருத்து என்ன, உனக்குப் பிடித்த பாத்திரம் எது, சுருக்கி எழுது என்று கேட்க நா துடிக்கும். கேட்கக் கூடாது. பாடநூலில் விரிவானப் பகுதியில் வரும் நல்ல கதைகள்கூடப் பிள்ளைகள் மனத்தில் மதிப்பெண்ணாகச் சுருங்கிவிடுவது அந்தக் கேள்விகளால்தான். பிரான்சில் பல காலம் பள்ளி ஆசிரியராக இருந்த எழுத்தாளர் டேனியல் பெனாக், 1992இல் வெளிவந்த தம் நூலில் வாசகனுக்குப் பத்து உரிமைகளை வரிசைப்படுத்தினார். பிடிக்காத பக்கத்தைத் தாண்டிப் போகலாம், புத்தகத்தைப் பாதியில் விடலாம், படித்ததைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். நாம் பெரியவர்கள் இந்த உரிமைகளை எல்லாம் நாள்தோறும் அனுபவிக்கிறோம். மாணவர்களுக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் இந்தத் திசையில் வைத்த நல்ல அடி. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் கைக்கு அடக்கமான சிறு புத்தகங்களை அது பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்தது. ஆசிரியர்களுக்கும் இப்படி ஏதாவது வேண்டும். பாடக் குறிப்பு, விடைத்தாள், எமிஸ் இணையதளப் பதிவு என்று நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள். தமக்காக ஒரு நாவல் படித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அவர்களைக் கேட்டால் பலருக்கு வருத்தம்தான் மிஞ்சும். தான் ருசிக்காததை இன்னொருவருக்கு ஊட்ட முடியாது. மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் நாலு பேர் தாங்கள் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே பள்ளியின் காற்று மாறும்.

அதற்குப் புத்தகம் கையில் கிடைக்க வேண்டுமே! பல பள்ளிகளில் நூலக பீரோ பூட்டியே கிடக்கிறது. ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருப்புப் பதிவேட்டில் உள்ள புத்தகம் ஒன்று காணாமல் போனால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். கைக்காசு போட வேண்டுமோ என்ற பயமும் உண்டு. ஆனால் சீர்காழியில் பிறந்து, கணிதப் பேராசிரியராக இருந்து நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பதைத் தம் ஐந்து நூலக விதிகளில் முதலாவதாக வைத்தார். அந்த விதிகளைச் சொல்லும் நூல் வெளிவந்தது 1931இல். அதே ஆண்டு மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனது ஒரு நடமாடும் நூலகம். வண்டி கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்த மண்ணில், பக்கத்து அறையில் இருக்கும் புத்தகம் பிள்ளைக்கு எட்டாமல் இருப்பது தகாது.

தலைமையாசிரியர்களே, படித்துக் கிழிந்த புத்தகத்துக்கு யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை என்று உங்கள் பள்ளியில் அறிவித்துவிடுங்கள். ஆசிரியர்களே, வாரம் ஒரு நாள் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தை ஒரு கதைக்குக் கொடுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த கதையாகவே பார்த்து எடுத்துப் போங்கள்.