களப்பில் ஒரு இரசாயனப் பாடம்

மருந்தாளர் ஆக ஆசைப்படும் வாழைச்சேனைப் பிள்ளைகளுக்கு இன்று ஒரு தகவல்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அதற்கான பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுக்க வேண்டும். ஆனால் பிள்ளைகளே, இரசாயனவியலைத் தள்ளி வைக்காதீர்கள். மருந்துக்கு அதுதான் அத்திவாரம். அதிலும் செறிவுக் கணக்கு!

நம்மட களப்பைப் பாருங்கள். மாரி மழை கொட்டினால் உப்புக் கரிப்புக் குறையும். தண்ணீர் கூடியது, செறிவு குறைந்தது. அவ்வளவுதான் செறிவு.

காய்ச்சல் பாணியும் அப்படித்தான். கரண்டி ஒன்றுதான். ஆனால் போத்தலுக்குப் போத்தல் செறிவு மாறலாம். அளவு பிழைத்தால் குழந்தைக்கு ஆபத்து.

வீட்டில் பாணிப் போத்தல் இருக்கிறதா? ஐந்து மில்லிலீற்றரில் எத்தனை மில்லிகிராம் மருந்து? இன்றைக்கே லேபிளை வாசித்துப் பாருங்கள்.