விளக்கீட்டுக்கு ஒரு தகரக்கூடு
(சாம்பல்தீவில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை)



தகர வேலை தெரிந்தவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். பெருநாள் காலத்துக்கு எதைச் செய்து விற்கலாம் என்று கேட்கிறீர்கள். பத்துச் சாமான் வேண்டாம், ஒன்றே ஒன்று போதும் என்பதுதான் என் யோசனை. அது கார்த்திகை விளக்கீட்டுக்கு, மழைக்கும் காத்துக்கும் நூராத விளக்குக்கூடு.

வெசாக் கூட்டை மூங்கிலிலும் கடதாசியிலும் கட்டுகிறார்கள். அது மே மாதத்துக்குச் சரி. எங்கட விளக்கீடு வாறது வடகீழ்ப் பருவமழைக்குள்ளே. கடதாசி நனைஞ்சு போகும், வாசலில் வைத்த சிட்டி விளக்கும் நூர்ந்து போகும். அந்தக் குறையைத் தீர்க்கிற சாமானை ஆக்கள் தேடி வாங்குவார்கள்.

தகரத்துக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 19ஆம் நூற்றாண்டில் எறிந்த எண்ணெய் டின்களை வெட்டி, சாமி படங்களுக்குச் சட்டமும் மெழுகுதிரித் தாங்கியும் செய்தார்கள். இன்றைக்கு அது அந்த ஊரின் பெயர்போன கைப்பணி. நாங்களும் பிஸ்கட் டின், சமையல் எண்ணெய் டின் எடுக்கலாம். பூச்சிமருந்து டின்னை மட்டும் தொடவே கூடாது.

டின்னுக்குள் மரக்குற்றி ஒன்றை இறுக்கி வைத்து, ஆணியால் துளை போடுங்கோ, தகரம் நெளியாது. அடியில் காற்று வர ஓட்டை, மேலே புகை போக வழி, அதுக்கு மேல் அகன்ற தொப்பி. அடி அகலமாக, கூடு கட்டையாக இருக்கட்டும். குப்பி விளக்கு சரிந்து எத்தனையோ பேர் எரிகாயப்பட்டார்கள். அதைத் தடுக்க, சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர கட்டையான, பாரமான, உருளாத விளக்கை உருவாக்கி 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். அழகை விட சரியாமல் நிற்கிறதுதான் முக்கியம்.

எங்கட பெரிய எதிரி உப்புக்காத்து. தகரடின் என்பது வெள்ளீயம் பூசிய இரும்பு. வெட்டின விளிம்பில் இரும்பு வெளியே தெரியும், கறள் அங்கேதான் தொடங்கும். விளிம்பை மடித்து அடியுங்கோ, பெயின்ற் பூசுங்கோ. மடித்தால் பிள்ளைகளின் கையும் வெட்டுப்படாது. மூட்டையும் மடித்தே பூட்டலாம். ஈயம் கலந்த பற்றாசு உருக்குகிற இடத்தில் பிள்ளைகள் நிற்கக்கூடாது.

ஆடியில் இரண்டு மாதிரி செய்து, வாளித் தண்ணீர் ஊற்றி, காத்தில் வைத்துப் பாருங்கோ. ஆவணி, புரட்டாசியில் செய்து, ஐப்பசியில் கடைக்குக் கொடுக்கோணும். கார்த்திகை பிறந்த பிறகு தொடங்கினால் மிஞ்சுகிற கூடெல்லாம் வீட்டுக்குள்தான் கறள் பிடிக்கும். நிலாவெளி, உப்புவெளிக்கு வெளிநாட்டார் கூடுதலாக வாறது மே முதல் செப்டெம்பர் வரை. அதே கூட்டை மெழுகுதிரிக் கூடாக அங்கேயும் காட்டலாம்.

கடைசியாக விலை. "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று கூலியை விடாதேங்கோ. ஒருவர் நாளுக்கு எட்டுக் கூடு செய்தால், ஒரு நாள் கூலியை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் விலையிலும் சேருங்கோ. பிறகு பெயின்ற், ஆணி, பஸ் காசு. அதுக்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். கூலியைக் கணக்கில் எழுதாத தொழில், தொழிலாளியின் வயிற்றில் அடிக்கிற தொழில்தான்.

மாதிரி செய்ய விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயரைத் தாருங்கோ.