அண்டை நாட்டாரும் நம் நாவும்

 



திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமான ஸூரத்துல் ஹுஜுராத்தின் 13ஆம் வசனத்தை மேடைகளில் முழங்காதவர் இல்லை. மனிதர்கள் பல இனங்களாக ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது அதன் கருத்து. அதற்குச் சற்று முன்னே 11ஆம் வசனம் நிற்கிறது. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதையும் தீய பட்டப்பெயரால் அழைப்பதையும் அது தடுக்கிறது. அதை ஓதுகிறோம், முழங்குவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், சென்ற ஆண்டு வரை.

எங்கள் கொல்லிமலைப் பள்ளிவாசலுக்கு வர்ணம் பூச, சமவெளியிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் தம் மகனுடன் வந்திருந்தார். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை நாள்தோறும் ஏறி இறங்க இயலாது என்பதால் இருவரும் எங்களுடனேயே தங்கினர். நம் பிள்ளைகளுக்கு அவர் பேச்சு வேடிக்கையாயிருந்தது. அவர் "இருந்து கதைப்போம்" என்றால், "எந்தக் கதை?" என்பார்கள். இவர்கள் "டைம் இல்லை" என்றால் அவர், "தமிழ்நாட்டில் தமிழுக்கும் ஒரு முகாம் வேண்டும் போலிருக்கிறதே" என்பார். இவர்கள் 2011இல் மும்பையில் நாம் வென்ற உலகக் கோப்பையைச் சொன்னால், அவர் 1996இல் கொல்கத்தாவில் நாம் தோற்ற அரையிறுதியைச் சொல்வார். தாம் விட்டோடி வந்த நாட்டின் அணிக்காக இவர் ஏன் இத்தனை வாதாடுகிறார் என்று வியந்தேன். பிறந்த மண் அப்படித்தான் போலும்.

ஒரு வியாழன் மாலை தேநீர் அருந்தும்போது, வாதத்தில் தோற்ற இளைஞர் ஒருவர், "கள்ளத்தோணியில் வந்தவருக்கு இவ்வளவு பேச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிக்காதவர் ஒருவரே. எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் மலைவாசிப் பெரியவர். இம்மலையின் பழங்குடியினர்க்கு 'மலையாளி' என்று பெயர். மலையில் வாழ்வோர் என்பதே அதன் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது வழிவழிக் கதை. ஆனால் மலையேறி வரும் வெளியூரார், "கேரளாவா நீங்கள்?" என்று கேட்டுச் சிரிப்பதை ஆயுள் முழுதும் கேட்டவர் அவர். எந்தச் சிரிப்பு எங்கே குத்தும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஏழாண்டு மதரஸாவில் ஓதிய எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஜும்ஆவுக்கு முன்பே தந்தையும் மகனும் இறங்கிப் போய்விட்டனர். கூலியும் கேட்கவில்லை. கிழக்குச் சுவர் பாதியில் நின்றது.

சகோதரர்களே! 'கள்ளத்தோணி' என்பது வெறும் கேலிச்சொல் அன்று. நம் திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற எளியோரின் வழித்தோன்றல்கள் மீது இலங்கையில் எறியப்பட்ட சொல் அது. அத்தொழிலாளர் பலர் மண்டபம் முகாமில் சோதிக்கப்பட்டு, முறையாகக் கப்பலேறியவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அப்படி வந்தவர்களும், 1983க்குப் பின் அகதிகளாக வந்தவர்களும் இறங்கிய இடங்களில் ஒன்று அதே மண்டபம் முகாம்! அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'.

நம் சமுதாயமும் இதை அறியாததன்று. தென்கரையிலிருந்து வணிகத்திற்குச் சென்ற முஸ்லிம்களை அங்கே 'ஹம்பயா' என்று இழித்தழைத்தனர்; 1915ஆம் ஆண்டுக் கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன. இங்கும் 'பாய்' என்று நம்மை அழைப்போரில், அண்ணன் தம்பியாக அழைப்பவர் யார், வேறு எண்ணத்தோடு அழைப்பவர் யார் என்பதைக் காது உடனே பிரித்துவிடுகிறதல்லவா?

நாட்டின் பெயரால் அழைப்பது குற்றமா எனில், இல்லை. பாரசீகத்தைக் கொண்டு ஸல்மான் ஃபார்ஸீ (ரலி), ரோமைக் கொண்டு ஸுஹைப் ரூமீ (ரலி), அபிசீனியாவைக் கொண்டு பிலால் ஹபஷீ (ரலி) என்று இன்றும் மரியாதையோடு சொல்கிறோம். கேலியும் குற்றமன்று. ஸாஹிர் (ரலி) என்னும் நாட்டுப்புறத் தோழர் சந்தையில் பொருள் விற்றுக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, இந்த அடிமையை வாங்குவோர் உண்டா என்று விளையாட்டாகக் கேட்டார்கள். தாம் விலைபோகாத சரக்கு என்று அவர் சொல்ல, அல்லாஹ்விடத்தில் அவர் மலிவானவர் அல்லர் என்று பெருமானார் (ஸல்) மறுமொழி தந்ததாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. கேலிக்கு ஆளானவர் அந்த விளையாட்டில் உயர்ந்து நின்றார். எங்கள் திண்ணையில் நடந்ததோ வேறு. 'எந்தக் கதை?' என்றபோது திருப்பிச் சொல்ல அவரிடம் ஒரு வேடிக்கை இருந்தது. அந்தச் சொல்லுக்கு அவரிடம் பதில் இல்லை. நாடே இல்லாதவர் எதைத் திருப்பிச் சொல்வார்?

ஞாயிறன்று அந்த இளைஞரை அழைத்துக்கொண்டு முகாமுக்குச் சென்றேன். வாசலில் 'மறுவாழ்வு முகாம்' என்று எழுதியிருந்தது. 'அகதிகள்' என்னும் சொல்லை நீக்கி 2021 ஆகஸ்டில் தமிழக அரசு மாற்றிய பெயர் அது. பெயரின் கனத்தை அரசே உணர்ந்திருக்க, ஆலிம் உணரத் தாமதித்தேன்.

எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்த பிறகே அவர் பேசினார்: "'சிலோன்' என்று சொல்லுங்கள் ஹஜ்ரத், சிரிப்பேன். என் முப்பாட்டனார் துறையூர்ப் பக்கத்துக்காரர். அந்தச் சொல்லைச் சொல்லித்தான் அங்கே எங்களை இந்தியாவுக்குப் போகச் சொன்னார்கள். இங்கேயும் அதையே கேட்டால் நான் எந்தப் பக்கம் போவது?"

இளைஞர் அவருடைய கையைப் பற்றி மன்னிப்புக் கேட்டார். அதன்பின் நானும் கேட்டேன். சிரித்தவர்களில் வயதில் மூத்தவன் நானல்லவா?

புதன்கிழமை அவர் மகனுடன் மலையேறி வந்தார். சுவர் முடியும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அந்த இளைஞரே. "கெட்டியாகப் பிடியும் தம்பி, நான் விழுந்தால் இரண்டு நாடும் பொறுப்பேற்காது" என்று மேலிருந்து குரல் வந்தது.