தோலோடு நிற்காத நோய்

உரசினால் கொப்புளம், இழுத்தால் புண் என்று வாழும் பிள்ளைகளுக்காகவே இந்தப் பேச்சு. நோயின் பெயர் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா. மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் புரதம் ஒன்று பிறவியிலேயே பழுதுபடுவதால் வருவது. இது தொற்றாது. வகுப்பில் அந்தப் பிள்ளையைத் தனியே உட்கார வைக்கிறவர்கள் முதலில் இதை அறிய வேண்டும்.

தோல் நோய் என்றதும் எல்லோரும் கைகால்களையே பார்க்கிறார்கள். பெருங்கொடுமை வாய்க்குள் நடக்கிறது.

ஏழாம் வகை கொலாஜன் என்னும் பிணைப்புப் புரதம் இல்லாத கடுமையான வகையில் வாயின் உட்புறம் புண்ணாகும், ஆறித் தழும்பாகும், மறுபடியும் புண்ணாகும். தழும்பு இறுக இறுக நாக்கு அடிவாயோடு ஒட்டிப்போகும். வாய் அகலத் திறக்காது. பல்லிடுக்கில் சிக்கிய பருக்கையை நாக்கால் துழாவி எடுக்க வழியில்லை, பல் சொத்தையாகிறது. அடைக்கப் போனால் கருவி நுழைய இடமில்லை! உணவுக்குழாயும் சுருங்கினால் கஞ்சிகூடத் தொண்டையில் நிற்கும். பலூன் வைத்து விரிக்கிறார்கள். சில காலம் கழித்து மீண்டும் சுருங்கிவிடுகிறது. வயிறு நிறையாத பிள்ளைக்குப் புண் எப்படி ஆறும்?

இன்னொரு வகை குரல்வளையைத் தாக்குகிறது. கைக்குழந்தையின் அழுகை கம்மிப்போனால் அதைச் சளி என்று விட்டுவிடக் கூடாது. மூச்சுப்பாதை அடைபடத் தொடங்கியிருக்கலாம். சில குழந்தைகளுக்குக் கழுத்தில் துளையிட்டுத்தான் மூச்சு கொடுக்க வேண்டியிருக்கிறது.

கண்ணையும் இது விடுவதில்லை. ஆனால் நல்ல செய்தியும் அங்கிருந்தே வந்தது. அமெரிக்காவின் மயாமியில், கருவிழி தழும்பால் மூடிப்போன சிறுவன் ஒருவனுக்கு 2022-இல் தழும்பை அகற்றி, பழுதற்ற கொலாஜன் மரபணுவைச் சுமக்கும் சொட்டு மருந்தை விட்டார்கள். பார்வை திரும்பியது. அதே மருந்தின் களிம்பு வடிவத்துக்கு, தோல் புண்களுக்காக, 2023 மே மாதம் அந்நாட்டு அரசு ஒப்புதல் அளித்தது.

அந்த மருந்து இங்குள்ள ஏழைத் தாய்க்கு எட்டும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முதல் பல் முளைத்ததுமே பல் மருத்துவரிடம் காட்டலாம். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லிடையே ஒவ்வொன்றாகக் கூட்டி வைத்து, வாய் திறக்கும் பயிற்சியைத் தினமும் செய்விக்கலாம். அறுவை அரங்கில் மூச்சுக்காக வைக்கும் குழாயை நிறுத்த முகத்தில் பிளாஸ்திரி ஒட்டினால், எடுக்கும்போது தோலும் கூடவே உரிந்து வரும். அந்தக் குழாயை மெத்தென்ற துணி நாடாவால் கட்டச் சொல்லி, மயக்க மருந்து கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் பெற்றோர் கேட்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.